சில்வெஸ்டர் வீட்டுப் பதினொரு சாவு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் ஆட்கள் யாராவது இறந்தால் முதல் தகவல் சில்வெஸ்டருக்குப் போகும். பிறகுதான் பெற்ற பிள்ளைகளுக்கு. மரணச் சான்றிதழ் எடுப்பது, நகரசபையில் டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் வாங்குவது, பெட்டி பார்ப்பது, கண்ணீர் அஞ்சலி அச்சடிப்பது, அடக்கத்துக்கு வந்த கிழவிகளுக்குக் குடை பிடிப்பது எல்லாம் அவர்தான். ஒருமுறை, ஆள் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆள் கட்டிலில் நிமிர்ந்திருந்து யோகட் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சில்வெஸ்டர் பதறவில்லை. "சுகம் பாக்க வந்தனான்" என்று சொல்லி, மாலையைச் சேலைன் கம்பியில் கொளுவிவிட்டு வந்தார். அந்த மனிதர் இன்றைக்கும் இருக்கிறார். சில்வெஸ்டரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுகிறார்.

அவர் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டில் நான் பதினாறு வருடம் இருந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால், சாவைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமானால் அவர் படியிறங்கி என்னிடம் வருவார். அவர் வேதம், அதாவது கத்தோலிக்கர். நான் சைவம். பிரேதத்தைக் குளிப்பாட்டும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் பிறந்தவர். கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, ஒரு சொக்கிலேற் ஆலையில் பத்தொன்பது வருடம் பெட்டி அடுக்கினார். ஒரு நாளும் சொக்கிலேற் தின்றதில்லை. களஞ்சியக் காப்பாளன் களஞ்சியத்தில் கை வைக்கக்கூடாதாம். மனைவி ஜசிந்தா. அவர் தின்னாததையும் சேர்த்துத் தின்பவள். மகள் ஒருத்தி பான் நகரில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இந்தக் கதையில் வரமாட்டாள், அவளுக்குப் பரீட்சை.

ஆலையை மூடிவிட்டார்கள். 2005ஆம் ஆண்டு வேலை அலுவலகத்தில் ஓர் இளம் பெண் அவரிடம் என்ன வேலை தெரியும் என்று கேட்டாள். "பெட்டி அடுக்குவேன், பிரேதம் அனுப்புவேன்" என்றார். அவள் கொஞ்ச நேரம் யோசித்து, மணிக்கு ஒரு யூரோ தருகிற வேலைத் திட்டத்தில் அவரை ஒரு கண்காட்சிக்குக் காவலாளியாக அனுப்பினாள். சத்தம் போடாமல் நிற்கத் தெரிந்த ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். அது சரியான கணிப்புத்தான்.

கண்காட்சி ஒரு பழைய பொது நீச்சல் குளக் கட்டடத்தில் நடந்தது. செப்டம்பர் தொடக்கம் நவம்பர் முடிவு வரை. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் விலைமாதர் எப்படி வாழ்ந்தார்கள், யார் அவர்களைப் பதிந்தார்கள், யார் அடைத்தார்கள், யார் அவர்களுக்காகக் கூட்டம் போட்டார்கள் என்பது பொருள். வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் இது சில்வெஸ்டருக்குத் தெரியவந்தது. செபமாலைக் கூட்டத்தில் முன்வரிசையில் முழங்காலில் நிற்கிற மனிதர் அவர். முதல் நாளே, இடுப்பை இறுக்கும் உள்ளுடுப்போடு நின்ற பொம்மையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். பொலிஸ் வைத்தியர் பெண்களைப் பரிசோதித்த நாற்காலி ஒன்று நடுவில் இருந்தது. அதன்மேல் வீட்டிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுபோய்ப் போர்த்தினார்.

கண்காட்சிக்குப் பொறுப்பான அம்மா முனைவர் பட்டம் பெற்றவர். எல்லாரும் அவரை ஃபிராவ் டொக்டர் என்றார்கள். அவர் காலையில் துணியை எடுப்பார். சில்வெஸ்டர் மதியம் போர்த்துவார். ஒரு கிழமை இப்படிப் போனது.

"ஹெர் சில்வெஸ்டர், சனம் இதைப் பார்க்கத்தான் வருகிறது" என்றார் ஃபிராவ் டொக்டர்.

"அதுதான் மூடுகிறேன்" என்றார் இவர்.

வீட்டில் அவர் பொய் சொல்லவில்லை. "இங்கிலாந்து மகாராணியின்ர காலத்துச் சாமான்களுக்குக் காவல்" என்றார். 'காலத்து' என்ற சொல் ஜசிந்தாவின் காதில் தங்கவில்லை. மகாராணியின் சாமான் என்று அவள் சோதிலிங்கத்தின் கடையில் சொன்னாள். அந்தக் கடையில் மிளகாய்த்தூளைவிடச் செய்தி வேகமாக விற்பனையாகும். அடுத்த கிழமை நான் தேங்காய்ப்பூ வாங்கப் போனபோது, சில்வெஸ்டர் மகாராணியின் முடிக்குக் காவல் நிற்பதாகவும் அவரிடம் குண்டு போட்ட துவக்கு இருப்பதாகவும் எனக்கே சொன்னார்கள்.

காவலாளியின் கதிரைக்கு நேரே ஒரு பெரிய பலகை. ஒரு துறைமுகப் பட்டினத்துப் பொலிஸ் பதிவுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை அதில் பெரிதாக்கி ஒட்டி, பக்கத்தில் ஜெர்மனில் விளக்கம் போட்டிருந்தார்கள். பதினொரு பெண்கள். பெயர், வயது, முன்பு செய்த வேலை, பரிசோதனைத் திகதிகள், மரணக் காரணம், கடைசியில் முடிவு. நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மனப்பாடமாகிவிடும். முடிவு என்ற இடத்தில் பதினொருவருக்கும் ஒரே மாதிரித்தான் எழுதியிருந்தது: ஏழைகள் விடுதியில் மரணம், உரிமை கோர ஆள் இல்லை, உடல் அனாட்டமி கூடத்துக்கு.

ஒக்டோபரில் ஒரு நாள் அவர் என் வாசலில் வந்து நின்றார்.

"பாலாம்பிகை அக்கா, அனாட்டமிக்குக் குடுத்தால் என்ன செய்வினம்?"

"வெட்டிப் படிப்பினம். பிறகு மிச்சத்தைச் சேர்த்துத் தாட்டுப்போடுவினம்."

"சாமியார் வருவாரோ?"

"ஆர் கூப்பிடுறது?"

அவர் படியில் இருந்துவிட்டார். சீமெந்துப் படி குளிரும், மூலம் வரும், எழும்புங்கோ என்றேன். எழும்பவில்லை. அடக்கம் இல்லாத பதினொரு பிரேதம் அவருடைய வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

நவம்பர் மாதம் வேதக்காரருக்கு இறந்தவர்களின் மாதம். அந்த மாதம் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசை இருக்கும். குடும்பங்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைத் துண்டில் எழுதிக் கொடுக்க, செபக்குழுச் செயலாளர் மரியநாயகம் அந்தப் பட்டியலை மாதம் முழுக்க ஒவ்வொரு பூசையிலும் ஒலிவாங்கியில் வாசிப்பார். சில்வெஸ்டர் ஒவ்வொரு வருடமும் இரண்டே இரண்டு பெயர் கொடுப்பார், தகப்பனும் தாயும். அந்த வருடம் துண்டில் பதின்மூன்று பெயர் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறிய துண்டுதான் என்பதால், ஆங்கிலக் குடும்பப் பெயர்களை விட்டுவிட்டு முதற்பெயரை மட்டும் தமிழில் எழுதியிருந்தார்.

மரியநாயகம் வாசித்தார். "சில்வெஸ்டர் ஜசிந்தா குடும்பத்தில் இறைவனடி சேர்ந்த சூசைப்பிள்ளை, திரேசம்மா, மேரி ஆன், எலிசபெத், ஹன்னா, கரோலைன், ஹரியற், மார்த்தா, எமிலி, சாறா, றோஸ், அலிஸ், மாகிறற்."

கோயில் முழுக்க அசைந்தது என்று பிறகு சொன்னார்கள். இங்கே ஒவ்வொரு வீட்டுத் துண்டிலும் யார் இருக்கிறார்கள் என்பது மற்ற எல்லா வீட்டுக்கும் தெரியும். போன வருடம் இரண்டு, இந்த வருடம் பதின்மூன்று. அப்படியென்றால் ஒரு வருடத்துக்குள் பதினொரு பெண்கள் போயிருக்கிறார்கள். அப்போது போர்நிறுத்தத்தால் ஊரில் பாதை திறந்திருந்த காலம். எல்லாரும் வான் பிடித்து மடு மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பூசை முடிந்து சனம் வாசலுக்கு வருவதற்குள், அவர்களுடைய கதையில் வான் முறிகண்டிக்குக் கிட்டக் கவிழ்ந்திருந்தது. சாரதி மட்டும் தப்பியிருந்தான்.

இதை மறுத்துச் சொல்ல சில்வெஸ்டர் அங்கே இல்லை. பெயர்களை வாசித்து முடித்ததும், மதிய வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பின்வாசலால் நீச்சல் குளத்துக்கு ஓடிவிட்டார். அதையும் சனம் துக்கம் தாங்காமல் ஓடியதாகத்தான் எடுத்துக்கொண்டது.

ஜசிந்தாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து பத்தாம் நாள். பூசைக்குப் போகவில்லை. நான் மேலே போய்க் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் வெள்ளை உடுத்த மூன்று பெண்கள், ஒரு வாளி இடியப்பம், ஒரு சட்டி சொதி. ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அயல்தான் சமைத்துக் கொண்டுவரும். இங்கே மின்னடுப்பு என்றாலும் வழக்கம் வழக்கம்தான். மூவரும் ஜசிந்தாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளும் அழுதாள். பாதி அழுகை முழங்காலுக்கு, ஏனென்றால் ஒருத்தி அதன்மேல் சாய்ந்திருந்தாள்.

நான் அவளை விலக்கிவிட்டு ஊன்றுகோலைக் கொடுத்தேன். ஜசிந்தா என் காதுக்குள், "அக்கா, ஆர் செத்தது?" என்றாள்.

"எனக்கென்னெண்டு தெரியும்? கேளுங்கோ."

"எப்பிடிக் கேக்கிறது? என்ர வீட்டுச் சாவு. எனக்கே ஆர் எண்டு தெரியாதெண்டால் சனம் என்ன நினைக்கும்?"

நியாயமான கவலைதான். அதனால் அவள் கேட்கவில்லை, அழுதுகொண்டே இருந்தாள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். புட்டு வந்தது, பருப்பு வந்தது, பாண் வந்தது, நாலு கறிவாளி வந்தது. ஒரு மணித்தியாலத்தில் அந்த ஐம்பத்தெட்டு சதுரமீற்றர் வீட்டில் நாற்பது பேர். இருக்கச் சொல்லிக் கொடுக்கக் கதிரை இல்லாமல் குளியல் தொட்டியின் விளிம்பில் மூன்று பேர் இருந்து துக்கம் அனுபவித்தார்கள். நான் யன்னலைத் திறந்துவிட்டு, மயங்கி விழக்கூடியவர்களைக் கதவுப் பக்கமாக இருத்தினேன்.

எண்பத்தொரு வயதுக் கிழவி ஒருத்தி ஒப்பாரி தொடங்கினாள். "என்ர மேரி ஆன்! எனக்குத் தையல் சொல்லித் தந்த தாயே! காசு வேண்டாமல் சட்டை தைச்சுத் தந்த கையே!" அதைக் கேட்டுச் சனம் இன்னும் கூட அழுதது. ஜசிந்தா என்னைப் பார்த்தாள். "எங்கட ஆக்களில மேரி ஆன் எண்டு ஆருமில்லையே" என்று உதடு மட்டும் அசைந்தது.

அப்போது மரியநாயகம் தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். நாற்பது பேர் ஓர் அறையில் இருந்தால் அவரால் பேசாமல் இருக்க முடியாது.

"சில்வெஸ்டரின்ர குடும்பம் எனக்கு வேற குடும்பமில்லை. அதிலயும் கரோலைன் அன்ரி..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கரோலைன் அன்ரி என்னை இடுப்பில தூக்கி வளர்த்தவ. அவவின்ர கையால திண்ட பால்சோறு இண்டைக்கும் நாக்கில நிக்குது. கரோலைன் அன்ரி இல்லையெண்டால் இந்த மரியநாயகம் இல்லை."

மரியநாயகம் கரம்பனைச் சேர்ந்தவர். பாஷையூரில் அவருக்கு ஒருவரும் இல்லை. ஆனால் அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சாவு வீட்டில் ஒலிவாங்கி கிடைத்தவருக்கு இப்படி வருவதுண்டு. அங்கே ஒலிவாங்கிகூட இருக்கவில்லை.

ஆறரை மணிக்கு சில்வெஸ்டர் வேலை முடிந்து வந்தார். படியில் முதலாம் மாடி தொடங்கி மூன்றாம் மாடி வரை கழற்றிவிட்ட சப்பாத்து. உள்ளே அழுகுரல். இந்த ஊரில் எத்தனையோ சாவு வீட்டை நடத்திய மனிதருக்குச் சப்பாத்தை எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. வீட்டில் விட்டுவிட்டு வந்தது ஜசிந்தா ஒருத்தியைத்தான். கதவடியில் மடங்கி விழுந்து, "ஐயோ ஜசிந்தா! முழங்கால்தானே எண்டு சொன்னவங்கள்! முழங்காலிலயோ போனனீர்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஜசிந்தா ஊன்றுகோலோடு வந்து பார்த்தாள். "இஞ்சாருங்கோ, என்ன இது?"

அவர் நிமிர்ந்து பார்த்து, இன்னும் பலமாகக் கத்தினார். ஆவி என்று நினைத்திருக்க வேண்டும். நான் நாடி பிடித்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. தண்ணீர் கொடுத்தேன்.

"அப்ப ஆர் செத்தது?" என்றார் சில்வெஸ்டர்.

மரியநாயகம் அவர் தோளில் கை வைத்தார். "தம்பி, மனசைத் திடப்படுத்தும். பதினொரு பேரையும் நீர்தானே எழுதித் தந்தனீர்."

"அவையோ? அவை செத்து நூற்றி முப்பது வருசம்!"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. சில்வெஸ்டருக்கு நேராகக் கேட்டால் நேராகத்தான் சொல்ல வரும். இங்கிலாந்து மகாராணியின் காலத்தில் பொலிஸ் புத்தகத்தில் பதிந்த பெண்கள், உடம்பை விற்றுச் சீவித்தவர்கள், அடக்கம் இல்லாமல் வெட்டுப்பட்டவர்கள், அவர்களுக்கென்று யாராவது ஒருவர் பெயர் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். குளியலறையில் இருந்த ஒருவருக்குக் காதில் விழவில்லை என்பதால் இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான், சனம் சப்பாத்தைத் தேடத் தொடங்கியது. சட்டிகளைக்கூட விட்டுவிட்டுப் போனார்கள்.

மரியநாயகம் வாசலில் திரும்பி நின்றார். முகம் கறுத்திருந்தது. "அந்த மாதிரிப் பொம்பிளையளின்ர பேரைத் தேவனுடைய கோயிலில என்ர வாயால வாசிக்க வைச்சிட்டீர். வாற ஞாயிறு பூசைக்கு முன்னம் கூட்டம். பதினொரு பேரையும் வெட்டுறன்."

"வெட்டினால் என்ர அப்பு ஆச்சியின்ர பேரையும் சேர்த்து வெட்டுங்கோ" என்றார் சில்வெஸ்டர். "இனி இந்த ஊரில ஒருத்தற்ற பிரேதத்துக்கும் நான் வரமாட்டன்."

இருபது வருடத்தில் அவர் போட்ட முதல் வேலைநிறுத்தம் அதுதான். அந்தக் கிழமை யாரும் சாகவில்லை, ஆகவே ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. சோதிலிங்கம் மட்டும் கடைக்கு வந்த வயதானவர்களிடம் கவனமாக இருக்கும்படி சொன்னதாகக் கேள்வி.

ஜசிந்தா அவரோடு பேசவில்லை. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் சாவு வீட்டுப் புட்டையே சூடாக்கி வைத்தாள். நான் கட்டு மாற்றப் போனால் என்னிடம் சொல்லுவாள், அவருக்குக் கேட்கும்படியாக.

"வேசையளுக்குக் காவல் நிண்டது எனக்குப் பெரிசில்லை அக்கா. நான் சனத்துக்குள்ள மகாராணி மகாராணி எண்டு சொல்லித் திரிஞ்சனே, அதை ஒரு நாள் திருத்தினவரோ?"

"நான் 'காலத்து' எண்டு சொன்னனான்" என்றார் சில்வெஸ்டர் குசினி அடுப்படியிலிருந்து.

"அக்கா, புட்டு இன்னும் இருக்கு எண்டு சொல்லுங்கோ."

வியாழக்கிழமை அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். புட்டுக்குப் பயந்து அல்ல. ஞாயிறு பெயர் வெட்டுப்படப் போகிறது, அதைத் தடுக்கத் தனக்குப் பேச்சு வராது என்பது அவருக்குத் தெரியும். பலகைக்கு முன்னால் போய் இருக்க முகமில்லை என்றார். நான் எளிய வழி ஒன்று சொன்னேன்: ஜசிந்தா முதலில் அந்தப் பெண்களைப் போய்ப் பார்க்கட்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கோபிக்கட்டும். பழைய வேலையிடத்தில் ஒரு சக்கர நாற்காலி இரவல் வாங்கினேன். வெள்ளிக்கிழமை தள்ளிக்கொண்டு போனேன். ஏற்றத்தில் அவள் கனம்தான். சொக்கிலேற் ஆலை மூடியும் இறங்கவில்லை.

நீச்சல் குளத்தின் நீல ஓடுகளுக்கு நடுவே சில்வெஸ்டர் காற்சட்டை மடிப்புக் குலையாமல் நின்றார். முதலில் நான் சுற்றிப் பார்த்தேன். பட்டாளமும் கடற்படையும் இருந்த பட்டினங்களில், சிப்பாய்களுக்கு நோய் வரக்கூடாதென்று சட்டம் போட்டிருக்கிறார்கள். பொலிஸ்காரன் ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டாலே போதும், புத்தகத்தில் பெயர் ஏறும். பிறகு கிரமமாக வைத்தியரிடம் போக வேண்டும். நோய் என்றால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் பூட்டி வைப்பார்கள். சிப்பாய்களைப் பரிசோதிக்கவில்லை. அது அவர்களுடைய மானத்தைப் புண்படுத்துமாம். பதினெட்டு வருடம் முதியோர் இல்லத்தில் ஆண்களைக் கழுவித் துடைத்தவள் நான், அதில் முன்னாள் சிப்பாய்கள் பாதிப் பேர். ஒருத்தருக்கும் மானம் போகவில்லை. தண்ணீர் குளிர்கிறது என்றுதான் கத்தினார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பலகையில் ஏழு பேருக்கு மரணக் காரணம் நெஞ்சுச் சளி என்றிருந்தது. அத்தனை தடவை வைத்தியர் பார்த்திருக்கிறார், ஒரே இடத்தை. ஒரு தடவையாவது ஒருவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டிருந்தால் இருமல் கேட்டிருக்கும்.

சில்வெஸ்டர் ஜசிந்தாவைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, கலியாண வீட்டில் சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவது மாதிரித் தொடங்கினார்.

"இது ஹரியற். சலவைக்காரி. பத்து வருசம் ஈரத்துக்குள்ள நிண்டவ. இது மார்த்தா, வீட்டு வேலைக்கு நிண்ட பிள்ளை. வீட்டுக்காரன் வயித்தில குடுத்திட்டு வெளியில விட்டவன். மேரி ஆன் சட்டை தைக்கிறவ. ஒரு நாள் முழுக்கத் தைச்சாலும் விளக்குக்கு எண்ணெய் காணாது. கரோலைனுக்குப் புருசன் கடலுக்குப் போய் வரேல்லை. பாரும், எல்லாருக்கும் முதல் ஒரு வேலை இருந்தது. ஒரு வேலையும் வயித்துக்குக் காணேல்லை."

ஜசிந்தா எல்லாவற்றையும் பார்த்தாள். நாற்காலி மேலிருந்த துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுத் தானே போர்த்தினாள். "இதென்ன, இந்த நாலு பேற்ற கடைசியில சிவப்பு மை?"

"அவை புத்தகத்தில இருந்து தங்கட பேரை வெட்டச் சொல்லி மனு குடுத்தவை. தொழிலை விட்டிட்டம், வேற வேலைக்குப் போகப் போறம் எண்டு."

"வெட்டினவங்களோ?"

"இல்லை. சாட்சி காணாதாம். நல்ல மனுசரின்ர கடிதம் வேணுமாம். ஆர் குடுப்பினம்? பேரோடயே செத்தவை."

ஜசிந்தா சிவப்பு மையை இன்னொருமுறை பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு ஒழுகும்.

"அதில இருந்து பேரை வெட்டுங்கோ எண்டு கெஞ்சேக்க வெட்டேல்லை. இப்ப, ஒரு முறை வாசிச்ச பேரை மரியநாயகத்தார் ஒரு நிமிசத்தில வெட்டப்போறாராமோ? அக்கா, என்னைத் திருப்புங்கோ. ஞாயிறு இந்த வண்டில் வேணும்."

ஞாயிறு கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. நான் வேதக்காரி இல்லை, ஆனால் வண்டில் தள்ள ஆள் வேண்டுமே. மரியநாயகம் மேசையில் பெயர்ப் பட்டியலை விரித்து, சிவப்புப் பேனையைத் திறந்து வைத்திருந்தார். அரை மணித்தியாலம் பேசினார். ஒழுக்கம் என்றார், பிள்ளைகள் கேட்கும் என்றார். கடைசியில், "அது போக, அவை எங்கட வேதமுமில்லை. இங்கிலாந்துக்காறர். புறட்டஸ்தாந்து!" என்றார். அதற்குத்தான் சனம் அதிகமாகத் தலையாட்டியது.

சில்வெஸ்டர் எழுந்தார். வாய் திறந்தது, சொல் வரவில்லை, திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

ஜசிந்தா ஊன்றுகோலால் தரையில் தட்டினாள். யேசு மன்னித்த பாவிப் பெண் என்று சொல்லப்படும் மதலேன் மரியாளைப் பேச்சுக்குள் இழுக்கப் போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். இழுக்கவில்லை.

"மரியநாயகண்ணை, எனக்கு ஒரு சின்ன விளக்கம் வேணும். போன ஞாயிறு என்ர வீட்டில நீங்கள் கரோலைன் அன்ரியைப் பற்றிச் சொன்னனீங்கள். இடுப்பில தூக்கி வளர்த்தவ எண்டு. நாற்பது பேர் கேட்டவை."

மரியநாயகம் பேனையை மூடினார். பிறகு திறந்தார்.

"அது வந்து, ஒரு துக்கத்தில..."

"துக்கத்தில பொய் சொன்னனீங்களோ?"

"நான் ஏன் பிள்ளை பொய் சொல்லுறன்? எனக்கும் ஒரு கரோலைன் அன்ரி இருந்தவ."

"அப்ப உங்கட அன்ரியின்ர பேரையோ உங்கட கையால வெட்டப் போறியள்? பால்சோறு தீத்தின மனுசியை?"

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அது பரவக்கூடிய சிரிப்பு. மரியநாயகம் வலப் பக்கம் பார்த்தார், இடப் பக்கம் பார்த்தார். செபக்குழுச் செயலாளர் சாவு வீட்டில் நின்று பொய் சொன்னார் என்று ஒப்புக்கொள்வதா, அன்ரியை வெட்டுவதா என்று அந்த மனிதர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இரத்த அழுத்தக்காரர் என்பதால் கொஞ்சம் கவனமாகவும் பார்த்தேன்.

"சரி, கரோலைன் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "மிச்சப் பத்துப் பேர்..."

"மேரி ஆனில கை வையாதையும்!" என்று பின்வரிசையிலிருந்து எண்பத்தொரு வயதுக் கிழவி எழுந்துவிட்டாள். "எனக்குத் தையல் சொல்லித் தந்தவ!"

"அம்மா, அவ செத்து நூற்றி முப்பது வருசம்."

"ஓம். அப்பவே அவவுக்கு நல்ல வயசு."

அதற்குப் பிறகு கூட்டம் நடத்த ஏலாது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. மிச்ச ஒன்பது பேருக்கும் ஆளாளுக்குச் சொந்தம் சொல்லத் தொடங்கினார்கள். "ஹரியற்றை விடுங்கோ, எங்கட வெளுப்பெல்லாம் அவதான்" என்றது ஒரு குரல். "மார்த்தா எங்களுக்கு ஒண்டுவிட்ட மச்சாள்" என்றது இன்னொன்று. மரியநாயகம் பட்டியலை மடித்தார். பூசைக்கு மணி அடித்துவிட்டது.

கோயிலுக்குள் சில்வெஸ்டர் மூன்றாம் வரிசையில் நின்றார். பெயர் வாசிக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். மரியநாயகம் தகப்பனை வாசித்தார், தாயை வாசித்தார், மேரி ஆன், எலிசபெத், ஹன்னா என்று வந்து, ஒரு கணம் நின்று, "கரோலைன் அன்ரி" என்று வாசித்தார். வேறு வழியில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். முன்வரிசையில் இரண்டு தோள்கள் குலுங்கின. சில்வெஸ்டர் சிரிக்கவில்லை. சட்டைப் பைக்குள் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

மாகிறற் வந்ததும், பதினொன்றும் முடிந்துவிட்டது என்று, அடக்கம் முடித்து வீட்டுக்கு வந்த ஆள் மாதிரிப் பெருமூச்சு விட்டுத் தொப்பென்று வாங்குப் பலகையில் இருந்துவிட்டார்.

ஜசிந்தா ஊன்றுகோலால் அவருடைய காலில் குத்தினாள். "எழும்புங்கோ. இன்னும் மற்றச் சனத்தின்ர ஆக்கள் கிடக்கினம்."

அவர் எழும்பி நின்றார்.